கை இறக்காத மெட்டு

தலைவன் டுகால்டின் கல்யாண விருந்தில் அந்த மெட்டை வாசிக்காமல் எப்படி நழுவலாம் என்று சோர்லி காலையிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தான். அந்த ஸ்காட்லாந்து மலைக் குலத்துக்கு இருந்த ஒரே பைக்குழல்காரன் அவன்தான். ஆட வைக்க அவனிடம் எத்தனையோ மெட்டுகள் உண்டு. தலைவன் கேட்பது என்னவோ அந்த ஒன்றைத்தான்.

அது சோர்லியின் அப்பா கட்டிய மெட்டு. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்களைத் தானியக் கொட்டகையில் அடைத்து டுகால்ட் தீ வைத்தபோது, உள்ளிருந்து வந்த அலறல் காதில் விழாமலிருக்க, கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்து அவர் ஊதியது. நடுவில் மெட்டு தடதடவென்று ஓடும் இடம், கூரை சரிந்த நேரம். அதைத்தான் இந்த மானங்கெட்ட குலம் பிள்ளை பிறந்தாலும் பெண் எடுத்தாலும் எழுந்து நின்று கேட்கிறது. விஸ்கிக் கோப்பையோடு கையைத் தூக்க வேண்டும். கடைசிச் சுரம் அடங்கும்வரை இறக்கக் கூடாது. போன அறுவடை விருந்தில் தோள்வலி தாங்காமல் இறக்கிய ஒரு கிழவனின் வலது கையை டுகால்ட் வெட்டியே விட்டான்.

இன்றைய மணப்பெண் ஒய்ரிக். கொட்டகையில் வெந்துபோனவர்களில் அவளுடைய அப்பாவும் அண்ணன்களும் உண்டு. சமாதானம் என்று பெயர் சொல்லி இழுத்து வந்திருக்கிறார்கள். அவள் காதுபட அதை ஊதுவதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்றிருந்தது சோர்லிக்கு. குழலின் காற்றுப்பையில் ஓட்டை விழுந்துவிட்டதாகத் தலைவனிடம் புளுகிப் பார்த்தான்.

“பையிலதானே ஓட்டை? உன் வயித்துலயும் ஒண்ணு போடவாடா?” என்று சிரித்தான் டுகால்ட்.

ஒய்ரிக்கே சோர்லியிடம் வந்தாள்.

“உங்கப்பா கட்டுனதாமே. முழுசா வாசிங்க. என்ன நடந்தாலும் நடுவுல நிறுத்திராதீங்க.”

கூடமே எழுந்து நின்றது. கைகள் உயர்ந்தன. சோர்லி பையை அக்குளில் இடுக்கி ஊதினான். பெண்களுக்கு அந்த விதி கிடையாது, அவர்கள் ஊற்றிக்கொடுப்பவர்கள். ஒய்ரிக் ஜாடியோடு கணவன் பக்கம் போனாள். கூரை சரியும் இடம் வந்தது. ஜாடியைக் கீழே வைத்து, டுகால்டின் இடுப்புக் கத்தியை உருவி, அவன் கழுத்திலேயே இறக்கினாள்.

ரத்தம் ஓட்ஸ் ரொட்டிகளின்மேல் பீய்ச்சியடித்தது. டுகால்ட் கோப்பையைப் போட்டுவிட்டுக் கழுத்தைப் பொத்தினான். பொத்திய கையோடு சேர்த்து மறுபடியும் குத்தினாள். மற்றவர்களுக்குக் கத்தி இடுப்பில், கை தலைக்கு மேல். அத்தனை கண்களும் சோர்லியைப் பார்த்தன. அவன் நிறுத்தினால் போதும், அவளைக் கூறுபோட்டுவிடுவார்கள். அவன் ஊதிக்கொண்டே இருந்தான். முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் முதலிலிருந்து மறுபடி எடுத்தான். வெளியே ஓடி அவள் ஏறிய குதிரையின் குளம்புச் சத்தம் மெட்டுக்குள் அமுங்கிப்போனது.

முதலில் கையை இறக்கியவன் அந்த ஒற்றைக்கைக் கிழவன்தான்.

“அவன்தான் செத்துட்டானே. இனி யாரு வெட்டப்போறா?”

அப்போதுதான் மற்றவர்களுக்கும் உறைத்தது. வாசலுக்கு ஓடியவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அந்த ஆத்திரத்தில் சோர்லியை இழுத்து, ரொட்டி மேசையில் விரல்களைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக வெட்டினார்கள். பல்லைக் கடித்துத் தாங்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். முடியவில்லை.

அவன் அலறலை அமுக்க ஊதுவதற்கு அந்தக் குலத்தில் வேறு ஆள் இல்லை. பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது.