அழுத்தாமல் விட்ட பொத்தான்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில், போக்குவரத்துக் குறியீடுகள் வரைந்த சுவரை ஒட்டி, சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. ஆறாம் பலகையில் அமர்ந்திருந்த எக்ஸ்ரேக்காரருக்கு வயது ஐம்பத்தேழு. மாவட்ட அணியில் இடம்பிடிக்கப் பதினோர் ஆண்டுகளாக முட்டிமோதி, ஒவ்வோர் ஆண்டும் அரைப் புள்ளியிலோ ஒரு புள்ளியிலோ கோட்டைவிட்டவர். இன்று வென்றால் இடம் உறுதி. சமனில் முடிந்தால் அதுவும் போயிற்று.

எதிரே பல்மருத்துவர். அவருக்கு முந்தைய சுற்றிலேயே இடம் கிடைத்துவிட்டது. இருவருக்கும் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம்.

“என்ன எக்ஸ்ரே, இன்னைக்கு என் எலும்பை எண்ணாம விடமாட்டீங்க போல?” என்று காய்களை அடுக்கும்போதே சீண்டினார் மருத்துவர்.

“நீங்க பல்லைப் பிடுங்காம இருந்தாச் சரி டாக்டர்.”

இருபத்துமூன்றாம் நகர்த்தல்வரை தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. அப்போது மருத்துவர் குதிரையை முன்னே வைத்தார்; பேனாவை எடுத்துத் தாளில் குறித்தார்; கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார். தம் நேரத்தை நிறுத்தும் கடிகாரப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

எக்ஸ்ரேக்காரர் முதலில் தம் கண்களையே நம்பவில்லை. காயை வைத்த கை நேரே பொத்தானில் போய் இறங்குவதும், எழுதுவதெல்லாம் அதற்குப் பின்னரே என்பதும் மருத்துவரின் மாறாத பழக்கம். இன்றோ அவருடைய நேரம் பத்தொன்பது நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அது தீர்ந்தால் ஆட்டம் எக்ஸ்ரேக்காரருக்கு. எதிராளிக்கு நினைவூட்ட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

எக்ஸ்ரேக்காரர் தம் நெற்றியில் கைவைத்து யோசிப்பவரைப்போல் பாவனை செய்தார். பதினெட்டு, பதினேழு. மருத்துவமனையில் நாள்தோறும் நூறு பேரிடம், “மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க” என்று சொல்கிறவர், இப்போது தாமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பதினைந்தில் அவருக்கே தம்மேல் அருவருப்பு வந்தது.

“டாக்டர், உங்க கடிகாரம் ஓடுது.”

மருத்துவர் பொத்தானை அழுத்தினார். நன்றியும் இல்லை, சிரிப்பும் இல்லை. யாரோ காலை மிதித்ததுபோல் முகம் சுளித்தார்.

இரண்டு நகர்த்தல் கடந்ததும் அதே கதை. குதிரை, தாள், பேனா, கட்டிய கைகள். எக்ஸ்ரேக்காரர் நிமிர்ந்தார். மருத்துவரின் பார்வை பலகையில் இல்லை. எக்ஸ்ரேக்காரரின் தோளுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். தண்ணீர்க் கேனுக்கு அருகில் சதுரங்கச் சங்கத்தின் செயலாளர் நின்றுகொண்டு, பொறு என்பதுபோல் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். செயலாளர் வேறு யாருமல்லர். எக்ஸ்ரேக்காரருடைய மனைவியின் தம்பி.

எக்ஸ்ரேக்காரர் மீண்டும் பலகைப் பக்கம் திரும்பினார்.

“மச்சான் உங்ககிட்ட என்ன கேட்டான்?” என்றார் தாழ்ந்த குரலில்.

மருத்துவர் மேசைக்குமேல் குனிந்தார். “எனக்குத்தான் இடம் கிடைச்சாச்சே, ஒரு ஆட்டம் போனா என்னன்னு கேட்டாரு. காயை விட்டுக்கொடுத்தா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும். நேரம் போனா மறதின்னு விட்டுடுவாங்க. நான் என்ன செய்ய? வருஷா வருஷம் உங்க முகத்தைப் பாக்க முடியல.”

“ஆறாம் பலகையில பேச்சு வேண்டாம்,” என்றார் நடுவர்.

கடிகாரத்தில் பதினொரு நிமிடம். எக்ஸ்ரேக்காரர் கையை நீட்டிப் பொத்தானைச் சுட்டினார். “அழுத்துங்க. ஆடுங்க.”

“நான் ஆடினா நீங்க தோத்துடுவீங்க.”

“அது என் பாடு.”

மருத்துவர் அழுத்தினார், பிறகு ஆடினார். அந்த ஆட்டத்தை எக்ஸ்ரேக்காரர் அதற்குமுன் கண்டதே இல்லை. பத்து நகர்த்தலுக்கு முன் அர்த்தமற்றுக் கிடந்த மந்திரி, திடீரென்று ராஜாவின் கழுத்தில் கைவைத்தது. யானை ஒன்று போயிற்று. அடுத்து ராணியைக் காப்பாற்ற வழியில்லை. ஒவ்வொரு காயும் இறங்கியதும் பொத்தான் ‘டக்’கென்று ஒலித்தது. பதினெட்டே நகர்த்தல். மருத்துவரின் கடிகாரத்தில் இன்னும் ஏழு நிமிடம் மிச்சம் இருந்தது.

தோல்வியைத் தம் கையாலேயே தாளில் எழுதிக் கையொப்பமிட்டு எக்ஸ்ரேக்காரர் கைகொடுத்தார். மருத்துவர் கையைப் பற்றினாரே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு ஆண்டாக இப்படி ஆடத் தெரிந்த மனிதரா தம்மிடம் நான்கைந்து முறை தோற்றார்? அந்தக் கேள்வி அப்போதுதான் எக்ஸ்ரேக்காரரின் நெஞ்சில் வந்து குத்திற்று. கேட்பதற்குள் மருத்துவர் படியிறங்கிவிட்டார்.

மச்சான் ஓடிவந்தான். “ஏன் மாமா வாயைத் திறந்தீங்க? சும்மா உக்காந்திருந்தாலே இடம் உங்களுக்குத்தானே.”

“இதுக்கு முன்னாடி யார் யார்கிட்ட கேட்டிருக்கே?”

“விடுங்க மாமா. முடிஞ்சதைப் போய்…”

“எண்ணிச் சொல்லு.”

மச்சான் காலியான தண்ணீர்க் குவளையை உருட்டிக்கொண்டே நின்றான். “நீங்க சங்கப் போட்டியில கோப்பை வாங்கின வருஷம் மட்டுந்தான். அதுவும் இவர்கிட்ட மட்டுந்தான்.”

அந்தக் கோப்பை வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது. வாரந்தோறும் மனைவி அதைத் துடைத்துவைப்பாள்.

“உனக்கு ஏன்டா இந்த வேலை?”

“நானா கேக்கல மாமா. அக்காதான் கேக்கச் சொன்னா. அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி.”

எக்ஸ்ரேக்காரர் போட்டி விதிப்படி அணைத்துவைத்திருந்த கைப்பேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். முடிவைக் கேட்க அவள் காத்திருப்பாள். கறுத்த திரையைப் பார்த்தவர், அதை உயிர்ப்பிக்காமலேயே மீண்டும் பையில் போட்டுக்கொண்டார்.