சுண்டுவிரலுக்கு ஒரு மேடு

அவர்கள் தங்களை விமான மீட்புக் குழு என்று சொல்லிக்கொண்டார்கள். தெருவில் அவர்களுக்குத் தகரக் கோஷ்டி என்று பெயர். மொத்தமே மூன்று பேர். ஒருவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். எதைக் காட்டினாலும் "ஒரிஜினலா?" என்று கேட்பார்; கேட்டுக் கேட்டு அவர் பெயரே ஒரிஜினல் ஆகிவிட்டது. இன்னொருவர் கடைகளுக்குப் போர்டு எழுதும் பெயின்டர். அவர் கையில் பிரஷ் இருந்த நேரத்தைவிட டீ கிளாஸ் இருந்த நேரம் அதிகம். மூன்றாவது ஆள், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை. அவர் மாப்பிள்ளையானது தையலம்மா வீட்டுக்கு மட்டும்தான் என்றாலும், தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. பெண்ணைக் கட்டிய நாளிலிருந்து மாமியாருக்கு எதிரே உட்காரக்கூடக் கூச்சப்படும் மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

விமானம் என்றால் ஏதோ பளபளவென்று ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். ராணுவத்தில் பயிற்சிக்கு வைத்திருந்த பழைய இரண்டு சீட்டு விமானம். வேலையிலிருந்து நீக்கியபின் மைதானத்து முனையில் சிமென்டுத் தூணின்மேல் ஏற்றி வைத்தார்கள். காக்கை கூடு கட்டியது, பையன்கள் கல்லெறிந்தார்கள், உள்ளே இருந்த பொருள்கள் ஒவ்வொன்றாகக் கால் முளைத்து நடந்தன. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் தூணை இடித்து, விமானத்தைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளப் பார்த்தபோதுதான் ஒரிஜினல் குறுக்கே போய் நின்றார். கெஞ்சிக் கூத்தாடி, பூட்டிக் கிடந்த மரக்கிடங்கு ஒன்றில் அதைக் கொண்டுவந்து இறக்கினார்.

அன்றிலிருந்து தெருவில் யார் வீட்டுச் சாமானுக்கும் நிம்மதி இல்லை. துக்கம் விசாரிக்க வந்தாலும் மூவரின் கண்ணும் அலமாரிக்குப் போகும். பின்சீட்டு, சலூனில் கிடைத்தது. பாதி முகம் நுரையோடு இருந்த ஆளை ஒரிஜினல் எழுப்பி நிறுத்திவிட்டு, நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்து, "ஒரிஜினல்!" என்று கூவினாராம். பெட்ரோல் டேங்க் மூடி ஒரு வீட்டில் உப்பு ஜாடிக்கு மூடியாக இருந்தது. உயரம் காட்டும் மீட்டர் பல் டாக்டரின் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கடிகாரம் என்று நினைத்து மாட்டியவர், ஓடவில்லையே என்று இரண்டு தரம் ரிப்பேருக்கும் கொடுத்திருந்தார்.

அவர்களுடைய தாரக மந்திரம் ஒன்று உண்டு: பழையபடி. "எல்லாம் பழையபடி ஆகணும்யா" என்பார் ஒரிஜினல். அவர்கள் அகராதியில் பழையபடி என்றால், தொழிற்சாலைக் கதவைத் தாண்டி வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி. நடுவில் யாரோ ஒட்டியது, கட்டியது, தடவியது எல்லாம் அவர்கள் கணக்கில் அழுக்கு. சுரண்ட வேண்டியது, வீச வேண்டியது.

கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. விமானத்தை ஓட்டுகிறவர் கையில் பிடிக்கும் பிடி. பின்சீட்டில் அது இருந்தது. முன்சீட்டில் அது இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். தையலம்மாவின் தையல் மெஷின் பக்கத்து ஜன்னல் மேடையில் இருந்தது. தெருவுக்கே தெரியும் என்பது வேறு விஷயம்.

தையலம்மாவின் கணவர் அந்த விமானத்தை ஓட்டியவர். தெருவில் அவரைப் பைலட் என்போம். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து அவருடைய வலது சுண்டுவிரல் ஒடிந்து, கோணலாகவே சேர்ந்துவிட்டது. பிடியை இறுக்கிப் பிடித்தால் அந்த விரல் மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். போதாததற்கு உள்ளங்கை வேர்வை வேறு. கல்யாணமான புதிதில் ஒருநாள் அதை அவர் சிரித்துக்கொண்டே சொல்ல, தையலம்மா அவருடைய பழைய காக்கிப் பேன்டின் காலை வெட்டி, அந்தக் கைக்கு அளவெடுத்து, பிடிக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். இரட்டைத் தையல். சுண்டுவிரல் சாய்ந்துகொள்ள, உள்ளே பஞ்சு வைத்து ஒரு சின்ன மேடு. அந்த உறை அவர் கையில் வேர்த்து, காய்ந்து, கறுத்து, தோல் மாதிரியே ஆகிவிட்டது. விமானத்தைத் தூணில் ஏற்றும்போது மெக்கானிக்குகள் பிடியை உறையோடு கழற்றி, "சார், இது உங்களோடது" என்று கையில் கொடுத்தார்கள்.

தூண்மேல் விமானம் நின்ற காலமெல்லாம் பைலட் மைதானத்து வழியே போனதே இல்லை. ரொட்டி வாங்குவதற்குக்கூடப் பின்தெருவைச் சுற்றித்தான் போவார். படுத்த படுக்கையாக ஆனபின் பிடியை நெஞ்சின்மேல் வைத்துப் பிடித்துக்கொள்வார். அப்படியே ஒரு மத்தியானம் போனார். கையிலிருந்து அதை எடுத்தது தையலம்மாதான். அதற்கப்புறம் துணி வெட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் அதன்மேல் கையை வைப்பாள். அந்த மேட்டில் அவருடைய சுண்டுவிரல் அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளத்தில் அவள் விரல் போய் உட்காரும். கை மேல் கை வைத்த மாதிரி. அளவு சட்டை கொடுக்கப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்ன சேதி இது.

உறையின் கதை மாப்பிள்ளைக்குத் தெரியாது; உட்கார்ந்து பேசியிருந்தால்தானே? பிடியைக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. வருவார், உட்காராமல் நிற்பார், ஜன்னல் மேடையைப் பார்ப்பார், "வரேன் அத்தை" என்று போய்விடுவார்.

கிடங்கில் பெயின்டர் விடமாட்டார். "ஏம்ப்பா மாப்பிள்ளை, மாமியார் வீட்டுல மத்தவங்க கார் கேக்குறாங்க, வீடு கேக்குறாங்க. ஒரு கைப்பிடி கேக்க உனக்கு வாய் இல்லையா?"

"நீங்க வேணா வந்து கேளுங்கண்ணே."

"நான் என்ன அவங்க பொண்ணையா கட்டியிருக்கேன்?"

கடைசியில் தையலம்மாவே ஒருநாள் கேட்டாள். "மாப்பிள்ளை, அதை எத்தனை தடவைதான் பாப்பீங்க? கழுத்து சுளுக்கிக்கப் போகுது."

"இல்ல அத்தை… சும்மாதான்…"

அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். இந்த வீட்டில் தனக்கப்புறம் அதை யார் தொடுவார்கள்? பெண்ணுக்குத் தூசி என்றாலே ஆகாது. விமானத்தில் இருந்தால் நாலு பேர் ஏறுவார்கள், பிடிப்பார்கள், பிடிக்கிறவன் விரல் அந்தப் பள்ளத்தில் போய் விழும். யாருடையது என்று அவனுக்குத் தெரியாவிட்டால் என்ன?

"கொண்டு போங்க. ஆனா ஒண்ணு. இது பழையபடியே இருக்கணும். எனக்கு அவ்வளவுதான்."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "அத்தை, சத்தியமா. பழையபடி ஆக்கித் தர்றது என் பொறுப்பு. இத வேற யாரையும் தொடவிட மாட்டேன்."

இருக்கணும் என்று இவள் சொன்னதும், ஆக்கித் தர்றேன் என்று அவர் சொன்னதும் ஒன்றில்லை என்பது இரண்டு பேர் காதிலும் விழவில்லை. பழையபடி என்ற சொல்லை அவள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகப் பிரிந்தார்கள்.

வேலை முடிந்து கிடங்கைத் திறந்து காட்டிய அன்று தெருவே அங்கேதான் இருந்தது. கேலி செய்தவர்கள்தான் முதலில் போய் நின்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, விமானம் விமானமாகவே இருந்தது. பெயின்டர்கூட வேலை செய்திருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. முதலில் தையலம்மாதான் ஏற வேண்டும் என்று ஒரிஜினல் சொல்லிவிட்டார்.

"அம்மா, முட்டி வலியோட ஏணியில ஏறணுமா?" என்றாள் பெண்.

"உங்கப்பா சீட்டுடி. நான் ஏறாம?"

மாப்பிள்ளை கீழேயிருந்து தாங்க, பெயின்டர் மேலேயிருந்து இழுக்க, ஒருவழியாக முன்சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் படுக்கையில் எத்தனை தடவை காட்டியிருக்கிறார். கையை நீட்டிப் பிடித்தாள்.

சில்லென்று இருந்தது. வழவழவென்று இருந்தது. சுண்டுவிரல் கீழே, மேலே, பக்கத்தில் என்று தேடியது. எங்கேயும் மேடில்லை. கண்ணைத் திறந்தாள். கறுப்பு ரப்பர் பிடி ஒன்று, பின்சீட்டில் இருந்ததற்கு இரட்டைப் பிள்ளை மாதிரி, பளபளத்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை ஏணியில் பாதி ஏறி, முகமெல்லாம் பல்லாக நின்றார். "எப்படி இருக்கு அத்தை? மேல ஏதோ அழுக்குத் துணி சுத்தித் தைச்சிருந்தாங்க. பிளேடு போட்டுக் கிழிச்சு எடுத்தா, உள்ள ரப்பர் அப்படியே புதுசு! ஒரு கைரேகை இல்ல, ஒரு தேய்மானம் இல்ல. யார் கையுமே படாத மாதிரி!"

கீழேயிருந்து ஒரிஜினல் குரல் கொடுத்தார். "இந்த விமானத்துலயே அசல் ஒரிஜினல் அதுதாம்மா!"

கூட்டம் கைதட்டியது. தையலம்மா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் என்ன சொல்ல முடியும்? அவருடைய நகக்கண்ணில் பாலிஷ் கறை இன்னும் போகவில்லை.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ ஊர்ப்பேச்சு மாதிரி, "அந்தத் துணி?" என்று கேட்டாள்.

"அதுவா? துடைக்கிற துணிகளோட போட்டுட்டேன். வீணாக்கல."

அடுத்த நாள் தையலம்மா கிடங்குக்குப் போய், எண்ணெய்த் துணி மூட்டையைக் கொடுங்கள், துவைத்துத் தருகிறேன் என்றாள். ஒரிஜினல் பதறிப்போனார். "நீங்களாம்மா? எதுக்கும்மா?"

"சும்மா இருக்கேன்ல. என்னால முடிஞ்ச சேவை."

இப்படியும் ஒரு பைத்தியமா என்று தெரு சிரித்தது. ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள், தங்கள் துணியும் அந்தக் கிரீஸ் மூட்டைப் பக்கத்தில்தான் கிடக்கிறது என்று முணுமுணுத்தார்கள். கொல்லையில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு துணியாக விரித்துப் பார்த்ததை மாடியிலிருந்து பார்த்தவர்கள் உண்டு. பனியன் துண்டு, திரைச்சீலைக் கிழிசல், யாருடையதோ ஒரு டவுசர். மூட்டையின் அடியில் அது இருந்தது. சக்கரத்து கிரீஸைத் துடைத்து, மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்த துணி. இரட்டைத் தையலை அவள் விரல் உடனே கண்டுகொண்டது. மேட்டின் பஞ்சு கொட்டிப்போய், அந்த இடம் தட்டையாகத் துவண்டு கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். மண்ணெண்ணெய்தான் வந்தது. தூர வைத்துவிட்டு, மறுபடி எடுத்து முகர்ந்தாள். அப்போதும் அதுவேதான் வந்தது.

அவள் போட்ட தையல் மட்டும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அவ்வளவு கெட்டியாக ஏன் தைத்தோம் என்றிருந்தது அவளுக்கு.

மற்ற துணிகளோடு அதையும் கொடியில் போட்டிருந்ததைப் பெண் பார்த்துவிட்டாள். பார்த்ததும் புரிந்துவிட்டது, அப்பாவின் கையில் அதைப் பார்த்து வளர்ந்தவள்தானே. அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராக ஃப்ரிட்ஜ் கடைக்குப் போனாள். அவள் போட்ட சத்தம் பக்கத்துக் கடைகள் வரை கேட்டது.

"அழுக்குத் துணியா அது? எங்கப்பா கைங்க அது! என்ன காரியம் பண்ணியிருக்கீங்க! ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

"பழையபடின்னு சொன்னாங்களே…" என்றார் மாப்பிள்ளை. திறந்து கிடந்த ஒரு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் கையில் காக்கித் துணி ஒன்றோடு மாமியார் வீட்டு வாசலில் நின்றார். எங்கே அலைந்து பிடித்தாரோ, பழைய காலத்து முரட்டு ரகம். பிடியையும் விமானத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒரிஜினல் தடுத்திருக்கிறார்; மாப்பிள்ளை வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரை ஒருமையில் திட்டிவிட்டு வந்தாராம்.

"அத்தை… தப்பு பண்ணிட்டேன்."

"என்ன தப்பு? உள்ள வாங்க. சொல்ல வேண்டியதை நான்தான் ஒழுங்கா சொல்லலை."

"அதே மாதிரி துணி கிடைச்சிருக்கு. மறுபடி ஒரு உறை தைச்சுத் தாங்க அத்தை. பழையபடி…" என்றவர், அந்தச் சொல்லைப் பாதியில் விழுங்கினார்.

தையலம்மா துணியை வாங்கி, விரலால் நிமிண்டிப் பார்த்தாள். நல்ல துணி. மெஷின்மேல் விரித்தாள். கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப்பைப் பழக்கதோஷத்தில் கையில் எடுத்தாள். அப்புறம் நின்றுவிட்டாள்.

"எந்தக் கைக்கு அளவெடுக்கிறது மாப்பிள்ளை?"

அவருக்கு என்ன தோன்றியதோ, தன் வலது கையை நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள். நல்ல கை, உழைக்கிற கை. ஐந்து விரலும் நேராக இருந்தன. டேப்பை மெதுவாகச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, துணியை நாலாக மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"டீ போடுறேன். இன்னைக்காவது உக்காந்து குடிங்க."

அன்று அவர் உட்கார்ந்தார். அழுதுகொண்டே குடித்தார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். எதிர்வீட்டுக்குக் கண் கொஞ்சம் கூர்மை.

பிடி திரும்ப விமானத்துக்கே போனது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று தையலம்மா சொல்லிவிட்டாள். வருகிறவர்களிடமெல்லாம் ஒரிஜினல் அதைத்தான் முதலில் காட்டுகிறார். மாப்பிள்ளை இப்போது அங்கே போவதில்லை.

கிடங்கு ரொட்டிக் கடைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. தையலம்மா மட்டும் பின்தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறாள். முட்டி வலியை வைத்துக்கொண்டு எதற்கு இந்தச் சுற்று என்று கடைக்காரி கேட்டதற்கு, டாக்டர்தான் நடக்கச் சொன்னார் என்றாளாம். எந்த டாக்டர் என்று கடைக்காரி அதற்குமேல் கேட்கவில்லை.