உவாஜிமா சாலையில் கிச்சிலி மூட்டை

ஜப்பானில் உவாஜிமாவிலிருந்து சுகுமோ வரை கடலோரமாகவே நான்கு நாள் சைக்கிளில் போவது என்று முடிவானதும், யசுமித்சு ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் கட்டம் போட்டார். முதல் நாள் முப்பத்தைந்து கிலோமீட்டர், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, நாலரைக்கு விடுதி. முப்பத்தாறு வருஷம் மத்சுயாமாவில் பேருந்து ஓட்டியவர் அவர். நிறுத்தத்தைத் தவிர வேறெங்கும் வண்டியை நிறுத்தியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. மனைவி கினுயோ வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவள். கத்தரிக்கோல் நடக்கும்போதெல்லாம் வாயும் கூடவே நடக்கும். தொழிலை விட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

பதினொரு மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது.

முத்துச்சிப்பி சுரண்டும் கொட்டகையைக் கண்டதும் கினுயோ இறங்கினாள். அங்கே இரண்டு பெண்களோடு அரைமணி நேரம் பேசி, ஒரு பை நிறைய அவரைக்காயோடு வந்தாள். அடுத்த வளைவில் மூங்கில் குருத்து வேகவைத்துக்கொண்டிருந்தவர் சும்மா வணக்கம்தான் சொன்னார். அந்த வணக்கத்துக்குப் பதில் சொல்லப் போனவள், வெந்த குருத்து இரண்டைத் தாளில் சுற்றிக்கொண்டு திரும்பினாள். கொடுப்பதை வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படுமாம். அவள் சைக்கிளில் கனம் ஏற்றினால் ஆட்டம் காண்கிறது என்று எல்லாம் யசுமித்சுவின் பின்பையில்தான் ஏறியது.

மூன்றாவதாக வந்தாள் மிசாவோ. கிச்சிலித் தோப்பில் ஏணி மேல் நின்று கடைசிக் காய்ப்பைப் பறித்துக்கொண்டிருந்த அறுபது வயதுக்காரி. கினுயோ கீழே நின்று, உங்கள் முடியை யார் வெட்டுகிறார்கள், பின்பக்கம் ஒரு விரல் குறைத்தால் எடுப்பாக இருக்குமே என்றாள். அவ்வளவுதான். தேநீர் வந்தது, மீன் அடை வந்தது, புருஷன் செத்த கதை வந்தது, கடைசியில் நீல வலைப்பையில் பத்துக் கிச்சிலிப் பழம் வந்தது. ஒவ்வொன்றும் குழந்தையின் தலை அளவு. யசுமித்சு சாலையோரம் நின்று கடிகாரத்தையும் கடலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம சுத்திப் பாக்க வந்தமா, காய்கறி வாங்க வந்தமா?" என்றார் பையைக் கட்டிக்கொண்டே.

"நான் எங்க வாங்கினேன்? அவங்களா கொடுத்தாங்க."

"வேணாம்னு சொல்ற வாய் உனக்கு இல்லையா?"

"இருக்கு. நீங்க எப்பப் பாத்தாலும் சொல்றீங்களேன்னு நான் சொல்றதில்ல."

அவர் பெடலை மிதித்தார். பின்சக்கரம் முனகியது. இரண்டு கிலோமீட்டர் தாண்டித் திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். கரையில் கடற்பாசி காயவைக்கும் யாரோ ஒருவரிடம் குனிந்து பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது.

அவர் நின்ற இடத்தில் ஒரு தகரக் கூரை, அதன் கீழே பலகைத் தட்டு, ஓரத்தில் காசு போடுகிற டப்பா. ஆள் இல்லாத கடை. தட்டில் வெங்காயமும் முள்ளங்கியும் இருந்தன. முன்னால் தெரிந்த மேட்டைப் பார்த்தார். மூன்று கிலோமீட்டருக்கு நிற்காமல் ஏறுகிற சாலை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கிச்சிலிப் பையை அவிழ்த்து முள்ளங்கிக்குப் பக்கத்தில் வைத்தார். திருடியவனைப் போலச் சைக்கிளைச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். யாருக்காவது பயன்படட்டுமே, எறியவா செய்தோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கினுயோ வந்தபோது முன்சக்கரத்தின் காற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடு தொடங்குவதற்கு முன் அலைத்தடுப்புச் சுவர் மேல் உட்கார்ந்து சோற்றுருண்டை சாப்பிட்டார்கள். மணி ஒன்றே கால். ஒரு மணி நேரத்தில் மேட்டைத் தாண்டிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள், வெள்ளைக் குட்டி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது. மிசாவோ இறங்கினாள். கையில் நீல வலைப்பை.

"நல்ல வேளை, மேடு ஏறல. என் கடையில வச்சு மறந்துட்டுப் போயிட்டீங்களே" என்றாள் மூச்சு வாங்க. "மத்தியானம் டப்பாவத் திறக்கப் போனேன், பாத்தா என் பழம் எனக்கே விலைக்கு உக்காந்திருக்கு."

கினுயோ பையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் காது சிவந்தது.

"காத்து பாக்கறதுக்காக இறக்கி வச்சேன்" என்றார்.

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று மிசாவோ பெருந்தன்மையாகச் சொல்லி, மறந்ததற்கு ஆறுதலாக இன்னொரு பையையும் எடுத்து நீட்டினாள். அதில் எட்டுப் பழம்.

கினுயோ அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மிசாவோவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிவந்தீர்களே, விடுதியில் என் அறைக்கு வாருங்கள், கத்தரிக்கோல் கையோடு இருக்கிறது, முடியைச் சரிசெய்து தருகிறேன் என்றாள். பிறகு தன் சைக்கிளை லாரியின் பின்னால் ஏற்றினாள்.

"நீயும் ஏறப் போறியா? சைக்கிள்ல போறதுன்னுதான பேச்சு?"

"நீங்க சைக்கிள்ல வாங்க. பழத்த நீங்கதான் கொண்டுவரணும். அவங்க உங்க கையில கொடுத்தாங்க." குரலைத் தணித்துக்கொண்டு, "இனி எங்கயும் இறக்கி வைக்காதீங்க" என்றாள்.

லாரி போய்விட்டது. பதினெட்டுப் பழம், அவரைக்காய், மூங்கில் குருத்து. யசுமித்சு இருப்பதிலேயே லேசான கியருக்கு மாற்றி நானூறு மீட்டர் மிதித்தார். அப்புறம் இறங்கித் தள்ளினார். தள்ளத் தள்ள யார் மேல் கோபம் என்பதே குழம்பியது. கினுயோ மேலா, மிசாவோ மேலா, கடை வைக்க வேறு இடமே கிடைக்காத அந்த ஊர் மேலா? மேட்டின் பாதியில் முழங்கால் விண்ணென்று தெறிக்க, சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

கீழிருந்து ஏறி வந்த சின்னப் பேருந்து அவர் எதிரே நின்று கதவைத் திறந்தது. ஓட்டுநர் முப்பது வயதுப் பெண். உள்ளே பயணிகள் யாரும் இல்லை.

"இது நிறுத்தம் இல்லையே" என்றார் யசுமித்சு.

"இந்த வழியில கை காட்டின இடமெல்லாம் நிறுத்தந்தான் ஐயா."

"நான் கை காட்டலையே."

"மூஞ்சி காட்டுதே. உடம்பு முடியலையா?"

நன்றாகத்தான் இருக்கிறேன், நீங்கள் நேரத்தை விடாமல் கிளம்புங்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் நகரவில்லை. நேரம் என்ன நேரம், அடுத்த ஊரில் ஏறுகிறவர் குளித்துவிட்டுத்தான் வருவார் என்றாள். ஆளை அனுப்பினால் போதும் என்று ஆறு பழத்தை எடுத்துக் கொடுத்தார். சந்தோஷமாக வாங்கி இருக்கைக்குப் பின்னால் வைத்தாள். அப்படியே கதவை மூடிக்கொண்டு போயிருக்கலாம். இருங்கள் என்று குனிந்து, அம்மா வீட்டில் கொடுத்ததாக ஒரு கட்டு மத்திக் கருவாட்டை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

விடுதிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. பையில் கருவாட்டு நாற்றம். மிசாவோ தலையைத் திருப்பித் திருப்பிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அவரைத் தாண்டிச் சிரித்தபடி கிளம்பிப் போனாள். முடி உண்மையிலேயே எடுப்பாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மனசில்லை.

கினுயோ குளித்து முடித்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் காத்திருந்தாள். கோபம் இருந்தால் திட்டுவாள், பதிலுக்குத் திட்டலாம் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தார். அவளோ ஒன்றும் நடக்காதது போல அவர் கிண்ணத்தில் சோறு போட்டாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அந்தப் பழத்த வேணும்னேதான் வச்சேன்" என்றார் கடைசியில்.

"தெரியும். முப்பது வருஷத்துல நீங்க எதயும் மறந்ததில்ல." முள்ளை எடுத்துவிட்டு மீனை அவர் பக்கம் தள்ளினாள். "கனமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சைக்கிள் ஆடினாலும் பாதிய நான் வச்சிருப்பேன். எதுக்குங்க திருட்டுத்தனம்?"

அவர் சாப்பிட்டார். மீன் நன்றாக இருந்தது. சற்றுப் பொறுத்து, நாளைக்கு மிசாவோவின் தங்கை ஊர் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும் என்றாள் கினுயோ. தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டதாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் வாங்கி வைத்திருப்பாளாம்.

"அந்த ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"எட்டு கிலோமீட்டர்."

யசுமித்சு கிண்ணத்தைக் கீழே வைத்தார். மத்தியானம் வரைக்கும் எட்டே கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று நீட்டினார்.