அழுகிறவர் மூச்சு வாங்கும் இடம்

“சூப்பர்க்கா. இன்னும் ஒரே ஒரு டேக் போலாமா?” என்று குணா ஹெட்போனில் கேட்டபோதே பாட்டு தேறவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து அந்தத் தம்பி சூப்பர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறான். சூப்பராக இருந்தால் எதற்கு இன்னொரு முறை? எங்கள் கம்பெனி சூப்பர்வைசரும் இப்படித்தான், பெட்டியைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் ஒரு ‘குட்’ போடுவார். சாலிகிராமத்தில் ஒரு மாடி வீடு. சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய அறையில், சத்தம் வரும் என்று ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு எங்களை நிற்க வைத்திருந்தார்கள். வேர்வை முதுகில் ஓடியது. என் பக்கத்தில் மைக்கைப் பார்த்தபடி ரோசக்கா நின்றாள். ரோசம்மாள் என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த அக்கா. சாவு வீடுகளில் அவள் பாடுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டு பாடுவேன். என் பெயர் ஷைனி. அதை யாரும் கேட்கமாட்டார்கள், நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

ரோசக்காவும் நானும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறோம். அவளுடைய குரல் கனமான குரல். சின்ன வயதில் சபையில் பாட நின்றபோது ஆம்பளைக் குரல் என்று சொல்லிப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்களாம். கல்யாணமாகி வந்த பிறகு ஒரு மழைநாளில் பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்துபோக, பாட வரவேண்டியவர்கள் வராமல்போக, இவள் வாயைத் திறந்தாள். அன்றைக்குப் பிடித்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. பொன்னேரி, எளாவூர், ஆரம்பாக்கம், அந்தப் பக்கம் மணவாள நகர்வரை எந்தக் கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தாலும் இவளுக்குப் போன் வரும். கீபோர்டு கிடையாது, தபேலா கிடையாது. பாதிப் பாட்டு சபைப் பாட்டு, மீதி அவளே அங்கே உட்கார்ந்து கட்டுவது. ஷிப்டை விட்டுவிட்டு ஓடுவாள். காண்ட்ராக்டர் கத்துவார். மறுநாள் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள்.

புதிதில் நான் இடம் தெரியாமல் பாடித் திட்டு வாங்கியிருக்கிறேன். “ஏன்டி, அவங்க அழுதுகினு கீறாங்க, நீ பாட்டுக்கு இழுத்துகினே போற? அழும்போது நாம வாய மூடணும். அழுறவங்க மூச்சு வாங்குவாங்க பாரு, அந்த எடத்துல பாட்டு உள்ள போவணும். அவங்க மறுபடி ஆரம்பிச்சா நிறுத்திடணும்,” என்றாள். அவளுக்குத் தாளம் அதுதான். பிணத்தைப் பார்க்கவே மாட்டாள். யார் அதிகமாக அழுகிறார்களோ அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு பாடுவாள். அழுகையில் வந்து விழும் ஒரு சொல்லைப் பிடித்து அதையே பல்லவியாக்கிவிடுவாள். எத்தனையோ வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அது சுட்டுப்போட்டாலும் வரவில்லை.

ஆனால் ஒரு கல்யாணத்துக்குக்கூட அவளைப் பாடக் கூப்பிட்டதில்லை. கிறிஸ்மஸ் புரோகிராமுக்கும் கூப்பிட்டதில்லை. தெருவில் பார்த்தால், “இன்னா ரோசம்மா, யாரு போய்ட்டாங்க?” என்றுதான் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவாள். ஒருநாள் ரயிலில் வரும்போதுதான் என்னிடம் சொன்னாள்: “ஒரே ஒரு தபா, யாரும் சாவாத எடத்துல நின்னு பாடணும்டி. எதிர்ல எல்லாரும் நல்லா துணி கட்டிகினு சேர்ல குந்தினு கேக்கணும்.” சொல்லிவிட்டு வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஆசைக்குக் கதவு திறந்தது ஆரம்பாக்கத்து சந்திரகலாவின் மகன் ஜோஷ்வா போனபோதுதான், என்ன செய்வது. புருஷனை இழந்தவள் கலா. ஒரே பையன். முதல் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று பைக்கை எடுத்தவன், ஹைவேயில் லாரி மோதி அங்கேயே முடிந்துபோனான். அன்றைக்குக் கலா அழுத அழுகை, என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. “கதவக்கூட சாத்தாம போனானே” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். ரோசக்கா அதைப் பிடித்தாள். “கதவைச் சாத்தாமப் போனியே ராசா, காத்து வந்து சாத்திடுச்சே” என்று எடுத்தாள். கூட்டம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஜோஷ்வாவோடு வேலை பார்த்த பையன் வரதன் அதைப் போனில் பிடித்து, தனக்குத் தெரிந்த குணாவுக்கு அனுப்பியிருக்கிறான். குணா தன் சேனலில் போட்டான். ஒரே வாரத்தில் நாடு முழுக்க ரோசக்காதான். துபாயிலிருந்து என் சித்தி பையன் போன் செய்து, “அக்கா, நம்ப ஆளா இது?” என்கிறான்.

குணா வீடு தேடி வந்தான். “இதுக்குப் பேரு சோல் மியூசிக்குக்கா, உள்ளேருந்து உருகிப் பாடுறது. வாத்தியமே இல்லாம குரல மட்டும் வெச்சிப் பாடுறதுக்கு அகப்பெல்லான்னு சொல்வாங்க. நீங்க ரெண்டையும் சேத்துப் பண்றீங்க,” என்றான். கீபோர்டு வாசிக்க ஆள் கிடைக்காத குறைக்கு இவ்வளவு பெரிய பெயரா என்று நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அதே பாட்டை ஸ்டுடியோவில் சுத்தமாகப் பதிவு செய்து அக்கா பெயரிலேயே வெளியிடலாம், அது நன்றாகப் போனால் டிசம்பரில் சென்னையில் ஒரு பெரிய ஹாலில் மேடை இருக்கிறது, நடத்துகிறவர்கள் இப்போதே கேட்கிறார்கள் என்றான். ரோசக்கா உள்ளே போய் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் இந்தப் பஞ்சு அறையில் நிற்கிறோம். பாட்டு வரவில்லை. குரல் இருந்தது, சொல் இருந்தது, ஆனால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தொடர்ந்து பாடினால் சப்பென்று இருந்தது. எண்ணிக்கொண்டு நிறுத்தினால் கரண்ட் போய் வந்தது மாதிரி இருந்தது. குணா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்தான்.

“அக்கா, அந்த வீடியோவுல விட்ட மாதிரியே கேப் விடுங்களேன். ஜனம் அந்த கேப்புலதான் உருகுது.”

“அதுல கலா அழுதுகினு இருந்தா தம்பி. நான் சொம்மா வாய மூடிகினு இருந்தேன். இங்க யாரு அழுறாங்க?” என்றாள் ரோசக்கா.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த வீடியோவை நானும் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அதில் அழுகைச் சத்தமே இல்லை. கேட்டேன்.

“அத எடுத்துட்டேன்க்கா. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல ஈசி. குரல் மட்டும் தனியா வந்துடும்,” என்றான் குணா. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றவன் முகம் மலர்ந்தான். “அக்கா! ஒரிஜினல் என்கிட்டதான் இருக்கு. அந்த அழுகைய உங்க ஹெட்போன்ல ஓட விடுறேன். உங்களுக்கு மட்டும்தான் கேக்கும், ரெக்கார்ட் ஆவாது. நீங்க அத வெச்சிப் பாடிடுங்க.”

நல்ல யோசனைதான். அய்யோ, எனக்கு அப்படித்தான் தோன்றியது, பொய் சொல்வானேன். ரோசக்கா ஹெட்போனைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டினாள்.

“கலாவ ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்.”

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் ஆரம்பாக்கத்துக்கு ரயில் ஏறினோம். கலா வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து பாய் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். ரோசக்கா எப்படி ஆரம்பிப்பது என்று முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருக்க, கலாவே ஆரம்பித்தாள்.

“அக்கா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த வீடியோல என் அழுகைய எங்க வெச்சாங்க?”

“எங்க மாமியார் ஊட்டு ஜனம் சொல்லுது, பெத்தவ ஒரு சொட்டு அழாம கல்லாட்டம் குந்திகினு கீறா பாருன்னு. வீடியோவுக்குக் கீழ முன்ன பின்ன தெரியாதவங்கள்லாம் எழுதறாங்க. நான் முந்தானைய மூஞ்சில போட்டுகினு குந்தினு கீறேன், சத்தமே இல்ல. சரி, அவங்க பேசட்டும், போவட்டும்.” அவள் குரல் சட்டென்று இறங்கியது. “எனக்கே பேஜாராப் போச்சிக்கா. அன்னிக்கி இன்னா நடந்துதுன்னு எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. யாரு வந்தாங்க, எப்ப தூக்கினாங்க, ஒண்ணும் தெர்ல. அந்த வீடியோவப் பாத்துதான் தெரிஞ்சிக்கிறேன். அதுல நான் அழவே இல்லியே. நெஜமாவே அழலியா நானு? எம்புள்ளைக்கி நான் அழலியாக்கா?”

ரோசக்கா நகர்ந்துபோய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “ஊரே நடுங்கிச்சி கலா. நீ அழுததத்தான் நான் பாடினேன். கதவு சாத்தாமப் போனான்னு சொன்னது நீதான், நான் இல்ல.”

“அந்தத் தம்பியாண்ட அது இன்னும் கீதா?”

“கீதாம்.”

“நான் கேக்கணும்.”

அடுத்த ஞாயிறு மூன்று பேருமாகச் சாலிகிராமம் போனோம். ஸ்டுடியோவில் கால் வைத்ததும் நின்றபடியே குணாவிடம் சொன்னாள்: “தம்பி, மொதல்ல அந்த வீடியோவ அழுகையோட முழுசா போடு. பழசத் தூக்கிடு.”

குணா கலாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். கெட்ட பையன் இல்லை அவன். “அக்கா, நான் வேணாம்னு சொல்லல. ஆனா அந்த அழுகையோட யாராலயும் முழுசா கேக்க முடியாதுக்கா. நானே முடியாமத்தான் எடுத்தேன். பழசத் தூக்கிட்டா அதுக்கு வந்த பேரும் போயிடும். டிசம்பர் ஆளுங்க அதப் பாத்துட்டுதான் கூப்பிட்டாங்க.”

“போவட்டும். போடு.”

அவள் இடுப்பில் கிள்ளினேன். பழசு பாட்டுக்கு ஒரு ஓரமாக இருக்கட்டும், இதைத் தனியாகப் போடச் சொல்லலாமே, இவளுக்கென்று ஒரே ஒரு மேடை, அதையும் இவளே உதைத்துத் தள்ளுகிறாளே என்று ஆத்திரமாக வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. அவளுக்கு அந்த மேடை எவ்வளவு வேண்டும் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். அதற்கு மேல் கிள்ள எனக்கு மனசு வரவில்லை. குணா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னென்னவோ அழுத்தினான். எங்கள் கண் முன்னாலேயே பழைய வீடியோவை நீக்கினான். அத்தனை லட்சம் பேர் பார்த்தது ஒரு நொடியில் இல்லாமல் போனது. முழு வீடியோ ஏறத் தொடங்கியது.

“இப்ப கலாவுக்குக் கேக்க வை,” என்றாள் ரோசக்கா. “நாங்க உள்ள நிக்கிறோம். மைக்க வேணா போட்டுக்கோ. வருதான்னு பாப்போம்.”

“உங்களுக்கு ஹெட்போன்?”

“வேணாம். அவ மூஞ்சி தெரிஞ்சா போதும்.”

நானும் அவளும் பஞ்சு அறைக்குள் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கலாவை நாற்காலியில் உட்கார வைத்து, குணா தன் ஹெட்போனை அவள் தலையில் மெதுவாக மாட்டினான். ஏதோ ஒன்றைத் தட்டினான். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கலா முதலில் அசையாமல் இருந்தாள். பிறகு அவள் புருவம் சுருங்கியது, பக்கத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் லேசாகத் தலையைச் சாய்த்தாள். இப்போது உடைந்துபோவாள், ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அவள் அழவில்லை. அவள் வலது கை எழுந்து காதின் மேலிருந்த ஹெட்போனைத் தொட்டது. தொட்டு, மெல்லத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தது. அவள் உதடு அசைந்தது. அழாத, அழாத என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், கண்ணாடி வழியாகவே தெரிந்தது.

என் பக்கத்தில் ரோசக்கா மூச்சை இழுத்தாள். “கதவைச் சாத்தாமப் போனியே” என்று, எனக்கே கேட்டும் கேட்காமலும் எடுத்தாள். அத்தோடு நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கம் கலா இன்னும் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ரோசக்கா அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், அடுத்த சொல்லை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.