பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டுக் கேட்டதிலிருந்து வந்தது. போன ஆகஸ்டில், புனே போபோடியில், ரயில் பாதையை ஒட்டியிருக்கும் டாக்டர் தேஜஸ்வினியின் கிளினிக்கில், பி.பி. பார்த்துக்கொண்டு மாத்திரைக்காகக் காத்திருந்தேன். எனக்கு அடுத்து உள்ளே போனவர் மகாதேவன், கம்பெனி பஸ் டிரைவர். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். நாகரிகமானவர்கள் அந்த நேரத்தில் போனைப் பார்ப்பார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். (கதை எழுதுகிறவளுக்கு வேறென்ன வேலை?)

இரண்டு நாள் கழித்து மகாதேவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே

[இல்லை. அது நான் ஜோடித்தது. வீட்டில், காலையில் ஷூ மாட்டும்போது சாய்ந்தார். மாரடைப்பு. வயது நாற்பத்தாறு.]

2

நெஞ்சு வலியை அசிடிட்டி என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர் என்று, மகாதேவனின் மனைவி லலிதா மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதினாள். டாக்டர் தன் குறிப்பு எழுதிய கேஸ் பேப்பரைக் கவுன்சிலில் கொடுத்தார். அதில் 'அசிடிட்டி' என்று ஒரு வரி. அதன் கீழே இன்னொன்று: 'உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னேன். நோயாளி மறுத்தார்.'

லலிதாவின் போனில் அதே பேப்பரின் போட்டோ இருந்தது, அன்றைய தேதியில். அதில் இரண்டாவது வரி இல்லை.

டாக்டரின் பதிவை நிறுத்திவைத்துவிட்டார்கள். கிளினிக் ஷட்டர் இறங்கி நாலு மாதம். வியாழக்கிழமை கடைசி விசாரணை. பொய் ஆவணம் என்று முடிவானால் ஐந்து வருஷம் ஸ்டெதஸ்கோப்பைத் தொட முடியாது.

3

போன ஞாயிறு டாக்டரே சாங்விக்கு, என் வீட்டுக்கு வந்தார். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழைத் தேடித் தேடித்தான் பேசுவார், நடுவில் இந்தி புகுந்துவிடும்.

"விசாலாக்ஷி ஆன்ட்டி, அன்னைக்கு நீங்க பாஹர், வெளியில, உக்காந்திருந்தீங்க இல்ல? நான் அவர்கிட்ட சொன்னது கேட்டுதா?"

"அந்த ரெண்டாவது வரி எப்ப எழுதினீங்க?"

என் வாய் அப்படி. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் போனதுக்கு அப்புறம். டர்ர்ர், பயம் ஆயிடுச்சு ஆன்ட்டி. சொன்னது சச், நிஜம். எழுதினது கலத், தப்பு. டிரைவர்ங்க எல்லாரும் 'எழுதாதீங்க'ம்பாங்க. பஸ்ஸை ஓட்டக் குடுக்கற கான்டிராக்டர் பாத்தா வண்டி போயிடும். நானும் ஹார்ட்னு வந்தா எழுத மாட்டேன், அசிடிட்டின்னு போட்டுட்டு வாயால சொல்லி அனுப்புவேன். ஆதத்... பழக்கம் ஆயிடுச்சு."

பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. எழுதாமல் விடுவதை ஒரு உபகாரமாகவே செய்துவந்திருக்கிறார், பாருங்கள்.

4

இப்போது என் சங்கடம். அந்தக் கிளினிக் காட்சியை ஏற்கெனவே நாலு தடவை எழுதிவிட்டேன்.

முதல் வரைவில் டாக்டர், "இப்பவே ஆஸ்பத்திரி போங்க" என்று கத்துகிறார். இரண்டாவதில் மெதுவாகச் சொல்கிறார். மூன்றாவதில் சொல்லவே இல்லை, வில்லி. நாலாவதில் மகாதேவன், "கான்டிராக்டர் வண்டியைப் பிடுங்கிடுவான், எழுதாதீங்க" என்று அழுகிறார். எதைக் கேட்டேன், எதை எழுதினேன் என்று எனக்கே பிரியவில்லை. டாக்டர் ஒரு வரி சேர்த்ததற்கு விசாரணை. நான் நாலு பக்கம் சேர்த்திருக்கிறேன், கேட்பார் யாருமில்லை.*

* இந்த ஒப்பீடு என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "உன் கதையில செத்தவன் எழுந்து வருவான், இங்க வருவானா?" என்றார்.

அந்த ஞாயிறே டாக்டரிடம் இதை ஒப்புக்கொண்டேன்.

"கேட்டத மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி. அப்புறமா சேத்து எழுதித்தான் நான் இங்க நிக்கறேன்."

5

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் குடைந்துகொண்டே இருந்தது. கேஸ் பேப்பர் கிளினிக்கில் இருப்பது. அதன் போட்டோ லலிதாவிடம் எப்படி?

போபோடி சந்தில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். அன்றைக்கு நானும் அங்கே இருந்தவள் என்று சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அவருக்கு பேப்பர்லாம் தொலைஞ்சு போயிடும் மேடம். அதான் டாக்டர் என்னா எழுதினாலும் டேபிள்லயே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடணும்னு சொல்லி வச்சிருந்தேன். ஏழு வருஷமா ஒண்ணு விட்டதில்ல. அன்னிக்கும் அனுப்பினாரு. அசிடிட்டின்னு போட்டிருந்துச்சு. ரெண்டு நாளா மோர்சாதம் கரைச்சுக் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன்னு அந்தம்மா சொல்லிருந்தா எங்கிட்ட சொல்லிருக்க மாட்டாரா? எங்கிட்ட மறைப்பாரா மேடம்?"

"மாட்டார்" என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

6

அன்றைய பி.பி. சீட்டு என் நோட்டிலேயே இருந்தது. நேற்றுதான் கண்ணில் பட்டது. நூற்றைம்பது, தொண்ணூறு, தேதி, டாக்டரின் ரப்பர் ஸ்டாம்ப். பின்பக்கம் என் கிறுக்கல், காத்திருக்கும்போதே எழுதியது. எனக்கு அப்படி ஒரு பழக்கம். இரண்டே வரி:

'டாக்டர்: (ரயில் போகிறது, கேட்கவில்லை)

டிரைவர்: வேணாம் டாக்டர், அத எழுதாதீங்க. வீட்ல பாத்துருவா.'

கான்டிராக்டர் இல்லை. வீட்டில். 'கதைக்கு வலு இல்லை' என்று நாலாவது வரைவில் நானே கான்டிராக்டராக மாற்றியிருக்கிறேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று இந்தச் சீட்டு சொல்லாது. ஆனால் அசிடிட்டியை யாரும் மனைவியிடமிருந்து ஒளிக்க மாட்டார்கள். டாக்டரைக் காப்பாற்றக்கூடியது இது ஒன்றுதான்.

7

முடிவு அ: வியாழக்கிழமை சீட்டைக் கொடுக்கிறேன். எதிரே லலிதா உட்கார்ந்து கேட்கிறாள்.

முடிவு ஆ: சீட்டு நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. லலிதாவிடம் எதையும் மறைக்காத புருஷனாகவே மகாதேவன் இருந்துவிடுகிறார். கிளினிக் ஷட்டர் ஏறாது.

முடிவு இ: விசாரணைக்கு முன்னால் அவளிடமே காட்டிவிடுவது. அந்நியர் நடுவில் கேட்க வேண்டாமே.

இன்று புதன். இ-யை எழுதுவதற்காகவே போபோடிக்கு வந்திருக்கிறேன். லலிதா கதவைத் திறந்துவிட்டாள்.

"வாங்க மேடம். எதாவது தெரிஞ்சுதா?"

சீட்டை எடுத்து நீட்டிவிட்டேன். அவள் முன்பக்கத்தைப் பார்க்கிறாள், என் பி.பி.யை. "உங்களுக்கும் ஜாஸ்தியா இருக்கே, ஒழுங்கா மாத்திரை சாப்புடுறீங்களா?" என்று கேட்கிறாள்.

அந்தப் பக்கம் திருப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்பக்கத்தில் இருப்பதை நீங்கள் படித்துவிட்டீர்கள். நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.