ஃபிளாஸ்கில் நின்ற ஆள்

கோப்பையோ தலையணையோ, வாங்குகிறவர் தன் போட்டோவை அதில் அச்சடித்துத் தரச் சொல்லலாம். பணம் கட்டுவதற்கு முன்னால், அச்சடித்தால் எப்படி இருக்கும் என்று கடையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்த ‘எப்படி இருக்கும்’ என்பதைத் தயாரிப்பதுதான் அவனுடைய உத்தியோகம். வெற்றுப் பொருளைப் படம் எடுப்பான். கம்ப்யூட்டரில் அதன் நிழலை ஒரு லேயராகவும், அதாவது தனிப் படலமாகவும், பளபளப்பை இன்னொரு லேயராகவும் உரித்தெடுப்பான். வாடிக்கையாளர் கொடுக்கும் போட்டோ அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நிழலும் பளபளப்பும் அதன் மேல் போர்வையாக விழும். அச்சாகாத பொருள் அச்சாகிவிட்டதுபோல மின்னும்.

ஆள் வேலையில் கெட்டிக்காரன். அவன் செய்த தலையணைப் படத்தின் மேல் ஒரு வாடிக்கையாளர் தலைவைத்துத் தூங்கி, கழுத்து சுளுக்கி, கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்.

அவனிடம் இருந்த ஒரே குறை சிகரெட். விட்டுவிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தான். அவளும் சும்மா விடவில்லை. “இன்னொரு தடவை பத்த வச்சீங்கன்னு தெரிஞ்சுது, எங்கம்மாவை இங்கயே வந்து இருக்கச் சொல்லிடுவேன்” என்றாள்.

மாமியார் முன்பு ஒருமுறை வந்து ஒரு வாரம் தங்கியிருக்கிறார். வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த குளியலறைக் குழாய் அந்த வாரம் தானாக நின்றுபோனது. ரிப்பேர்காரர் வந்து திருகிப் பார்த்துவிட்டு, “கோளாறு ஒண்ணும் இல்ல சார், பயந்திருக்கு” என்றார்.

இப்படியிருக்கையில்தான் ஸ்டீல் ஃபிளாஸ்க் வந்தது. அதைப் படம் எடுப்பது கண்ணாடியைப் படம் எடுப்பது போல. எதிரே நிற்பதையெல்லாம் வாங்கித் தன்மேல் காட்டும். அதனால் சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி, ஓட்டை வழியாகக் கேமராவை மட்டும் நீட்டுவது வழக்கம். அன்று துணி சலவைக்குப் போயிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, அப்படியே நாலு படம் தட்டினான். லேயர் பிரித்தான், தளத்தில் ஏற்றினான், மறந்தும் போனான்.

பிறந்த வீட்டுக்குப் போயிருந்த மனைவி, அவன் ஆபீசில் இருக்கும்போது கூப்பிட்டாள்.

“என்னங்க, அப்பா ரிட்டயர் ஆகுறாருல்ல, உங்க ஃபிளாஸ்க்ல அவரு போட்டோவைப் போட்டுப் பாக்குறோம். அம்மாவும் இருக்காங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.”

“நல்லா இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பா கன்னத்துல யாரோ நிக்கிறாங்க.”

ஃபைலைத் திறந்தான். மாமனாரின் கன்னம் வரவேண்டிய இடத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு ஆள். வாயில் சிகரெட். அவனேதான். தொப்பையைக்கூட எக்காமல் நின்றிருந்தான்.

“தூசியா இருக்கும். ஸ்க்ரீனைத் தொடச்சுப் பாரு.”

“அம்மா எச்சில் தொட்டுக்கூடத் தொடச்சுட்டாங்க. போகல.”

“பெருசு பண்ணிப் பாருடி” என்றது மாமியார் குரல். “எங்கயோ பாத்த ஆளு மாதிரி இருக்கு.”

“பெருசு பண்ணாத! சர்வர் தாங்காது!” என்று அலறிக்கொண்டே நிழல் லேயரில் சிகரெட்டைத் தேய்த்தான். அவசரத்தில் அழிப்பான் தோள்வரைக்கும் போய் வந்தது. அப்படியே தளத்தில் ஏற்றினான். “இப்ப ரீஃப்ரெஷ் பண்ணு.”

“ஐயோ, அந்தாளுக்குக் கை இல்லீங்க.”

“பாவம்” என்றார் மாமியார்.

தலையைத் தேய்த்தான். “இப்ப?”

“தலையும் போச்சு. தொப்பை மட்டும் நிக்குது.”

“தலை எதுக்குடி?” என்றார் மாமியார். “இது நமக்கு வேண்டப்பட்ட தொப்பை மாதிரியில்ல இருக்கு.”

இனி நாசூக்குக்கு நேரமில்லை. தொப்பை, கால், செருப்பு எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் வழித்தெடுத்தான்.

“போயிட்டாரு!” என்றாள் மனைவி. அவன் நாற்காலியில் சாய்ந்தான்.

பதற்றத்தில் ஒன்றை மறந்திருந்தான். ஆள் கறுப்பு, அதனால் நிழல் லேயரில் இருந்தான். புகை வெள்ளை, அது பளபளப்பு லேயரில் இருந்தது. இன்னும் இருந்தது.

“என்னடி இது” என்றார் மாமியார். “உங்கப்பா வாயிலேர்ந்து புகை வருது.”

வந்தது. போட்டோவில் லேசாகத் திறந்திருந்த மாமனாரின் உதட்டிலிருந்து கிளம்பி, மூக்கைச் சுற்றி, மூடிவரைக்கும் சாவகாசமாக ஏறியது. தொழில்சுத்தமாகப் பிரித்த லேயர் ஆனதால் அவ்வளவு தத்ரூபம்.

“ஏங்க! இங்க வாங்க! இது என்ன?”

செருப்புச் சத்தம் வந்து நின்றது. அப்புறம் மாமனாரின் மெலிந்த குரல் கேட்டது.

“இதை யாரு எடுத்தா? அப்ப மொட்டை மாடில யாருமே இல்லையே!”

“அப்பன்னா எப்ப?” என்றார் மாமியார்.

‘அது என் புகை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரியவர் தப்பித்துவிடுவார். நம் ஆள் நல்லவன், வாயைத் திறந்தான். விவரமானவன், மூடிக்கொண்டான்.

அங்கே விசாரணை நடந்து தீர்ப்பும் வந்தது. மாமியாரே பேசினார். “மாப்ள, இவரு கொஞ்ச நாள் உங்க வீட்டுல இருக்கட்டும். அந்தப் பழக்கத்தையே விட்டுட்ட மனுஷன்கூட இருந்தாத்தான் திருந்துவாரு. நான் இங்க வீட்டைப் பாத்துக்கறேன்.”

“நீங்க வரலையா அத்தை?” என்று கேட்டான்.

“நான் எதுக்கு?”

மாமனார் பெட்டியோடு வந்து சேர்ந்தார். சாப்பாடு முடிந்து மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் பின்னாலேயே பால்கனிக்கு வந்து கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.

“மாப்ள, நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அந்தப் புகை என்னோடது இல்ல.”

“எப்படிச் சொல்றீங்க மாமா?”

“நான் மூக்கால விடுற ஆளு. வாயால விட்டதே கிடையாது.”

மாப்பிள்ளை தெருவைப் பார்த்தான். தெருவில் பார்க்கும்படி ஒன்றும் இல்லை.

“சரி விடுங்க” என்றார் மாமனார். “தீப்பெட்டியை எங்க வச்சிருக்கீங்க?”