பாலிசி அண்ணி பேரில்

கடை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் குழாய் உடைந்து, தையல் கடைக்குள் தண்ணீர் கொட்டோகொட்டென்று கொட்டியிருந்தது. திங்கள் காலை கதவைத் திறந்த தையல்காரி, வாசலோரம் இருந்த மெயின் சுவிட்சை முதலில் அணைத்தாள். நனைந்ததையெல்லாம் படம் எடுத்தாள். நனையாத துணிகளை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டு, காப்பீட்டு அலுவலகத்துக்குத் தகவல் சொன்னாள். அழ நேரமில்லை.

மறுநாள் சேதத்தைப் பார்வையிட காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். அவளுடைய கொழுந்தன் முந்திக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். அண்ணன் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து கடைக்குத் தானே தலை என்று அவனுக்கு நினைப்பு.

“ஆறு மிஷினும் போச்சு சார். ஒண்ணுகூடத் தேறாது.”

மூலையிலிருந்த ஆறாவது மிஷின், மோட்டார் எரிந்து மூன்று மாதமாகவே சும்மா கிடந்தது.

“பாலிசிதாரர் நீங்கதானா?” என்றார் சர்வேயர்.

“அது அண்ணி பேர்ல இருக்கு. சும்மா பேருக்குத்தான். பேச்செல்லாம் நான்தான்.”

“பேருக்கு இல்ல தம்பி,” என்றாள் அவள். “பாலிசி எடுக்கறப்போ கடையைப் பத்தி எழுதிக் கொடுத்தது நான். பிரீமியம் கட்டறது நான். இப்பக் கையெழுத்துப் போடப்போறதும் நான்தான்.” சர்வேயர் பக்கம் திரும்பினாள். “தண்ணியில போனது அஞ்சு மிஷின் சார். ஆறாவது முன்னாடியே ரிப்பேர். அதைச் சேர்க்காதீங்க.”

கொழுந்தன் முகம் சுண்டிப்போயிற்று. அவளை ஓரமாக அழைத்தான். “யாருக்குத் தெரியப்போவுது அண்ணி?”

“எனக்குத் தெரியுமே. அதோட ஒரு பொய் மாட்டினா மொத்தத்தையும் தள்ளிடுவாங்க. பாலிசியிலயே போட்டிருக்கு. ஒரு வரி விடாமப் படிச்சிருக்கேன்.”

சர்வேயர் ஆறாவது மிஷினைத் திறந்து பார்த்தார். கருகிய ஒயர். மூடிவிட்டு, அவள் நீட்டிய ரசீதுகளை எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் தொகை எவ்வளவு என்று கடிதம் வந்தது. தேய்மானம் கழித்திருந்தார்கள், அது நியாயம்தான். ஆனால் ஒரு மிஷினுக்கு நாலு வயது கூட்டிப் போட்டிருந்தார்கள். அவள் விடவில்லை. ரசீது நகலை இணைத்துப் பதில் எழுதினாள். திருத்தி அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் மறுவாரமே ஐந்து மிஷினும் ஓடத் தொடங்கின.

அன்று மாலை கொழுந்தன் தலையைச் சொறிந்தபடி வந்து நின்றான். “அண்ணி, என் பைக்குக்கும் ஒரு பாலிசி இருக்கு. வாங்கின நாள்லேருந்து கவரையே பிரிக்கல.”

“பிரிச்சுப் படி,” என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. “புரியலன்னா அவங்களையே கேளு. கேக்கறதுக்கு உனக்கு உரிமை இருக்கு.”